பூட்டுக் கம்பெனியின் உத்தரவாதத்தை நம்பலாமா?

சில மாதங்களுக்கு முன்பு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். நூல் இருப்பையும் சேலை இருப்பையும் சரிபார்த்து முடித்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் வேளையில், நெடுநாளைய அங்கத்தினரான முதியவர் ஒருவர் மேசையருகே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்கள் இரண்டை எடுத்து நம் முன் விரித்தார். அவருடைய இளைய மகன் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிறார். அறைக்கும் கல்லூரிக்கும் போய்வர 400 டாலர் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினார். அதைப் பூட்டுவதற்கு 90 டாலர் கொடுத்து ஒரு பூட்டும் வாங்கினார். 'இப்பூட்டைப் போட்டிருந்தும் சைக்கிள் களவு போனால் 1,500 டாலர் வரை ஈடு தருவோம்' என்று பூட்டோடு வந்த அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான்காம் மாதத்தில் சைக்கிள் களவு போயிற்று. பூட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. முதியவர் நம்மிடம் நீட்டியவை அந்த உத்தரவாதப் பத்திரத்தின் நகலும் அந்தக் கடிதத்தின் நகலுமே.

"எழுத்து மூலம் கொடுத்த வாக்கு அல்லவா, ஐயா? நம் சங்கத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் தப்பித்துக்கொள்ள முடியுமா? அந்தக் கம்பெனி மட்டும் எப்படித் தப்பிக்கிறது?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. 400 டாலர் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. எத்தனை சேலை நெய்தால் அவ்வளவு கூலி சேரும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அன்று பத்திரத்தைப் படித்துப் பார்த்து நமக்குத் தோன்றியதைச் சொன்னோம். பின்னர் இத்தகைய பத்திரங்கள் வேறு சிலவற்றையும் வரவழைத்துப் படித்தோம். அயல்நாடுகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இன்று பல சங்கங்களிலும் இருப்பதால், நாம் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். ஜாமீன் கொடுத்தவர் கடனுக்குப் பொறுப்பாளி. கடன் எக்காரணத்தால் திரும்பவில்லை என்பது அவருடைய பொறுப்பை மாற்றாது. பூட்டுக் கம்பெனி அப்படிச் சைக்கிளுக்கு ஜாமீன் நிற்பதில்லை. தன் பூட்டுக்கு மட்டுமே ஜாமீன் நிற்கிறது. சைக்கிள் போய்விட்டது என்பதனால் அது பணம் தராது. தன் பூட்டு உடைக்கப்பட்டதனால்தான் சைக்கிள் போயிற்று என்று மெய்ப்பித்தால் மட்டுமே தரும். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்த மாணவரின் 400 டாலர் மறைந்தது.

இந்த உத்தரவாத முறைக்குப் பேர்பெற்ற கம்பெனி ஒன்றின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் விஷயம் விளங்கும். (முதியவரின் மகன் வாங்கிய பூட்டு இன்னாருடையது என்று நாம் குறிப்பிடப் போவதில்லை, இங்கே சொல்வது ஊரறிந்த வரலாறு.) அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மைக்கேல் ஜேன் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் கிரிப்டோனைட் என்ற பூட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். சூப்பர்மேன் கதையில் அந்த வீரனையே வலுவிழக்கச் செய்யும் கல்லின் பெயர் அது. அக்காலத்தில் அங்கே சைக்கிள்களைச் சங்கிலியும் தொங்குபூட்டும் கொண்டு கட்டி வைப்பதே வழக்கம். நீண்ட கைப்பிடியுள்ள வெட்டுக் கத்திரி ஒன்று இருந்தால் சங்கிலியைத் துண்டாக்க அதிக நேரம் வேண்டியதில்லை. ஜேன் கொண்டுவந்தது, குதிரை லாடம் போல வளைந்த கெட்டி எஃகுக் கம்பியும் அதன் இரு முனைகளையும் இணைக்கும் குறுக்குக் கட்டையும் கொண்ட பூட்டு. கத்திரியின் வாய்க்கு அது அடங்கவில்லை. இன்று உலகெங்கும் 'யு பூட்டு' என்று வழங்குவது இவ்வகைப் பூட்டுத்தான்.

பூட்டு நல்லது என்று மக்கள் நம்ப வேண்டுமே! அதற்காகவே ஈட்டுத் தொகை உத்தரவாதம் வந்தது. உடைத்தால் பணம் தருகிறோம் என்று சொல்லும் கம்பெனியின் பூட்டு உடையாது என்று வாங்குவோர் எண்ணினார்கள். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவும் இருந்தது. ஆனால் ஒரு காலத்தில் இந்த உத்தரவாதம் நியூயார்க் நகரத்துக்குச் செல்லாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். திருடர் மிகுந்த ஊர் எதுவோ, அந்த ஊரே விலக்கப்பட்டது. பின்னர் மேலும் கனமான பூட்டு ஒன்றைச் செய்து, அதற்கு அந்த நகரத்தின் பெயரையே சூட்டி, அங்கேயும் உத்தரவாதம் கொடுத்தார்கள். ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டுகளுக்கு மட்டும் வெள்ள நிவாரணம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நம் விவசாயிகள் சிரிப்பார்கள். எனினும் கம்பெனியின் நிலையில் இருந்து பார்த்தால் இதில் வஞ்சகம் இல்லை. எங்கே நஷ்டம் வரும் என்று கணக்குப் பார்த்து விலகியிருக்கிறது, அவ்வளவே.

இதைவிடப் பெரிய பாடம் 2004-ஆம் ஆண்டில் கிடைத்தது. அக்காலத்து யு பூட்டுகள் பலவற்றில் குழாய் வடிவச் சாவி இருந்தது. பூட்டின் வட்ட வாயினுள் சிறு ஊசிகள் வளையமாக நிற்கும். சாவியின் விளிம்பில் உள்ள வெட்டுகள் ஒவ்வோர் ஊசியையும் வேண்டிய அளவு உள்ளே தள்ளினால் பூட்டுத் திறக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் கிறிஸ் பிரென்னன் என்ற அமெரிக்கர் ஒருவர், சாதாரண பிக் பால்பாயிண்ட் பேனாவின் மூடியைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் குழாயைப் பூட்டின் வாயில் அழுத்தித் திருகிப் பூட்டைத் திறந்து காட்டினார். மென்மையான பிளாஸ்டிக் ஊசிகளின் அளவுக்குத் தானே வளைந்து கொடுத்துச் சாவியாகிவிட்டது! சில நாட்களில் செய்தி உலகெங்கும் பரவிற்று. இத்தனைக்கும் அது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1992-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சைக்கிள் பத்திரிகை ஒன்று இக்குறையை எழுதியிருந்தது. இந்தக் குறை கிரிப்டோனைட்டின் பூட்டுகளுக்கு மட்டும் உரியதும் அன்று. அதே வகைச் சாவி கொண்ட பிறருடைய பூட்டுகளும் அப்படியே திறந்தன.

இங்கே அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய உத்தரவாதப் பத்திரங்களில் 'பூட்டு பலவந்தமாக உடைக்கப்பட்டிருக்க வேண்டும்' என்ற கருத்தில் ஒரு ஷரத்து வழக்கமாக இருக்கும். பேனாவால் திறந்த பூட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. பூட்டில் குறை இருந்து, அந்தக் குறையினாலேயே சைக்கிள் களவு போனால், அதைக் காட்டுவதற்கு உடைந்த பூட்டு கையில் இராது. 'பூட்டவே மறந்திருப்பீர்கள்' என்று சொன்னால் மறுக்கச் சாட்சியும் இராது. கிரிப்டோனைட் கம்பெனி அப்போது பழைய பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்ததும், தட்டைச் சாவிக்கு மாறியதும் உண்மை. கோர்ட்டில் வழக்குகளும் தொடரப்பட்டன. பொதுமக்களின் கூக்குரல் அந்தப் பரிகாரத்தை விரைவில் பெற்றுத் தந்தது. தனி ஒருவர் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யூகித்துக் கொள்ளலாம்.

இனி முதியவரின் மகன் பெற்ற கடிதத்துக்கு வருவோம். அதில் மறுப்புக்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டிருந்தன.

பூட்டு வாங்கிய சில நாட்களுக்குள் அதைக் கம்பெனியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது முதலாவது. பிள்ளை பதிவு செய்யவில்லை. அட்டையை வாங்கிய பையிலேயே போட்டுவிட்டதாகத் தந்தையிடம் சொன்னாராம். சைக்கிளுக்கும் பூட்டுக்கும் ரசீது வேண்டும் என்பது இரண்டாவது. பூட்டுக்கு ரசீது இருந்தது, சைக்கிளுக்கு இல்லை. படிப்பு முடித்து ஊர் திரும்பும் வேறொரு மாணவரிடம் பழைய சைக்கிளாக வாங்கியது அது. பணத்தைக் கொடுத்தார், வண்டியை ஓட்டி வந்தார், எழுத்து எதுவும் இல்லை. நம் ஊரில் மாடு வாங்கினால்கூட நாலு பேர் முன்னிலையில் வாங்குவார்கள். அமெரிக்காவில் 400 டாலர் சைக்கிளை ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் வாங்கினார் என்றதும் தந்தைக்கே கோபம் வந்தது.

மூன்றாவது காரணத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. உடைக்கப்பட்ட பூட்டைக் கம்பெனிக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று பத்திரம் கேட்கிறது. காலையில் மாணவர் போய்ப் பார்த்தபோது கம்பம் மட்டும் நின்றது. சைக்கிளும் இல்லை, பூட்டும் இல்லை. திருடன் அறுத்த துண்டுகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான் போலும். "திருடன் கொண்டுபோன பூட்டை என் மகன் எங்கே போய்த் தேடுவான்?" என்று முதியவர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. எத்தனை தடவை படித்தாலும், ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பதற்காக எழுதிய இந்த ஷரத்து, ஏமாந்தவரையும் சேர்த்தே தடுக்கிறது. ஆதாரம் முழுவதையும் திருடனிடம் ஒப்படைத்துவிட்டு, அதைக் கொண்டுவா என்று உடைமைக்காரரிடம் கேட்பது நமக்கு முறையாகப் படவில்லை. ஆயினும் அதற்குச் சம்மதித்தே பூட்டு வாங்கப்படுகிறது என்பதுதான் சட்டத்தின் நிலை.

நாம் படித்த மற்றப் பத்திரங்களிலும் ஏறக்குறைய இவையே இருந்தன. பூட்டோடு வந்த சாவிகளில் இரண்டையும் காட்ட வேண்டும். ஒன்று தொலைந்திருந்தால் போயிற்று. களவு போன சில தினங்களுக்குள் போலீசில் புகார் கொடுத்து அதன் பிரதியை அனுப்ப வேண்டும். வேறு இன்ஷூரன்ஸ் இருந்தால் முதலில் அங்கே கேட்டுவிட்டு வர வேண்டும். அங்கே கிடைக்காத மீதியைத்தான் இங்கே கேட்கலாம். சைக்கிளை அசையாத பொருளோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். திருடன் கம்பத்தையே பிடுங்கிவிட்டால், அல்லது சக்கரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனால், பூட்டு உடையவில்லை. ஆகவே ஈடும் இல்லை. மின்சாரக் கருவிகளால் அறுக்கப்பட்டால் பொறுப்பில்லை என்று எழுதிய பத்திரங்களும் உண்டு.

இந்தக் கடைசி ஷரத்து அற்பமானதன்று. இரும்புப் பட்டறைகளில் கம்பி அறுக்கும் கிரைண்டர் மெஷினை நம் அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். முன்பு அதற்கு மின்சார வயர் வேண்டும். ஆகவே தெருவில் பயன்படாது. லித்தியம் பாட்டரி வந்தபின் அது கைப்பைக்குள் அடங்கிவிட்டது. நல்ல யு பூட்டையும் ஓரிரு நிமிடங்களில் அது அறுத்துவிடுகிறது. சத்தமும் தீப்பொறியும் பறக்கத்தான் செய்யும். வழிப்போக்கர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டு, உடைமைக்காரனே சாவியைத் தொலைத்துவிட்டு அறுக்கிறான் என்று எண்ணிப் போய்விடுகிறார்கள். இதற்கு மாற்றாக 2021-இல் இங்கிலாந்தின் ஹிப்லாக் கம்பெனி, அறுக்கும் தகட்டையே தேய்த்துவிடும் கூட்டுப்பொருளைப் போர்த்திய டி1000 என்ற பூட்டை வெளியிட்டது. பிற கம்பெனிகளும் அத்தகையவற்றைச் செய்கின்றன. அவை கனமானவை, விலையும் அதிகம். திருடன் இரண்டு மூன்று தகடுகளைத் தேய்க்கத் துணிந்தால் அவையும் அறுபடக்கூடும். ஆனால் அத்தனை நேரம் தெருவில் நிற்க அவன் துணிவதில்லை என்பதே நம்பிக்கை.

90 டாலருக்கு விற்கும் பூட்டுக்கு 1,500 டாலர் ஈடு எப்படிக் கட்டுப்படியாகும் என்று முதியவர் கேட்டார். கணக்கு வழக்கில் பழகியவர் கேட்கும் கேள்வி. ஒரு பேச்சுக்கு, பூட்டு வாங்கும் பத்துப் பேரில் ஒருவர் 400 டாலர் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூட்டு ஒன்றுக்கு 40 டாலர் ஈட்டுக்கே போய்விடும். எஃகுக்கும் கூலிக்கும் கடைக்காரர் கமிஷனுக்கும் மிச்சம் 50 டாலர்தான். தொழில் நடக்காது. ஆகவே ஈடு பெறுவோர் மிகச் சிலராக இருக்கிறார்கள் என்ற கணக்கின் மேல்தான் அந்தப் பெரிய எழுத்து நிற்கிறது. பூட்டு நல்லதாக இருப்பது அதற்கு ஒரு காரணம். பலர் பதிவு செய்யாமலே விடுவது மற்றொரு காரணம். 1,500 'வரை' என்ற சொல்லில் உள்ள 'வரை' வேறு இருக்கிறது, அது உச்சவரம்பு. 400 டாலர் சைக்கிளுக்கு 400-க்கு மேல் எவரும் தரப்போவதில்லை.

அப்படியானால் அந்தப் பத்திரம் முழுதும் வீணா? அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரே கம்பெனி தன் மெல்லிய கம்பிவடப் பூட்டுக்கு ஒன்றும் தராமல், தடித்த யு பூட்டுக்கு மட்டும் பெருந்தொகை தருகிறது என்றால், எதைத் தான் நம்புகிறது என்பதை அது காட்டிக் கொடுக்கிறது. பூட்டைத் தேர்ந்தெடுக்க அது ஒரு நல்ல குறிப்பு. ஒரு கம்பெனியின் தொகையை மற்றொரு கம்பெனியின் தொகையோடு ஒப்பிடுவதில் மட்டும் பயனில்லை. விளம்பரத்துக்காக எவரும் எதையும் எழுதலாம்.

பூட்டின் வலுவை அறிய அதைவிடச் செம்மையான வழியும் உண்டு. இங்கிலாந்தில் நார்தம்ப்ரியா, எஸ்ஸெக்ஸ் போலீசார் உள்நாட்டு இலாகாவின் ஆதரவோடு 1992-இல் 'சோல்டு செக்யூர்' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். இப்போது அது பூட்டுத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் வசம் உள்ளது. திருடர் கையாளும் கருவிகளைக் கொண்டு, குறிப்பிட்ட கால அளவு பூட்டுகளைத் தாக்கிப் பார்த்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறார்கள். ஹாலந்தில் 'ஏஆர்டி' என்ற அமைப்பு நட்சத்திரக் குறியிடுகிறது. விற்பவன் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றைவிட, உடைத்துப் பார்த்தவன் கொடுக்கும் சான்று மேலானது அல்லவா? நம் சங்கங்களில் சேலையை நெய்தவரே தரம் பார்த்து முத்திரை குத்த நாம் விடுவதில்லை.

களவுக்கு ஈடு வேண்டுவோர் நாட வேண்டியது இன்ஷூரன்ஸ். பூட்டு எப்படித் திறந்தது என்பதல்ல, சைக்கிள் போயிற்று என்பதே அங்கே முதல் கேள்வி. அதிலும் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் சைக்கிளின் மதிப்புக்கு ஏற்ற தரமுள்ள பூட்டைப் போட்டிருக்க வேண்டும் என்பார்கள். ஹாலந்தில் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் களவு போனாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்படித்தான் கேட்கிறது. அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருப்போர் தம் உடைமைகளுக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸ், வீட்டுக்கு வெளியே களவு போன சைக்கிளுக்கும் பல சமயங்களில் பொருந்தும். ஆனால் நஷ்டத்தில் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு. அந்தப் பகுதி 500 டாலர் என்றிருந்தால் 400 டாலர் சைக்கிளுக்கு அதனால் பயனில்லை. விலை குறைந்த சைக்கிள் வைத்திருப்பவருக்கு உத்தரவாதமும் உதவாது, இன்ஷூரன்ஸும் உதவாது என்றால், பூட்டும் பூட்டும் விதமுமே மிஞ்சுகின்றன.

பூட்டும் விதத்தில் கருத்தூன்ற வேண்டும். மாசச்சூசெட்ஸில் வாழ்ந்து 2008-இல் மறைந்த ஷெல்டன் பிரௌன் என்ற சைக்கிள் நிபுணர் ஒரு முறையை எடுத்துச் சொல்லி வந்தார். சிறிய யு பூட்டைப் பின்சக்கரத்தின் வளையத்தோடு சேர்த்து, பிரேமின் பின்பக்க முக்கோணத்துக்குள் போட்டுக் கம்பத்தில் மாட்டுவது அது. சக்கர வளையத்தை அந்த முக்கோணத்தின் வழியே உருவ முடியாதாகையால் சக்கரமும் பிரேமும் ஒருங்கே காக்கப்படும். பூட்டினுள் இடம் குறைவாக இருக்க இருக்கக் கடப்பாரையை நுழைத்து நெம்பவும் இயலாது. நம் ஊர்ச் சைக்கிள்களில் பின்கவையில் பொருத்தியிருக்கும் வளையப் பூட்டு, சக்கரம் சுழலாமல் தடுக்கும்; வண்டியைத் தோளில் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. அங்கே செல்லும் பிள்ளைகள் அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிடக் கூடாது.

முதியவரிடம் நாம் கடைசியாகச் சொன்னவை இவை. மகன் அடுத்த சைக்கிளை வாங்கும்போது, பழையதாயினும், விற்பவரிடம் பெயரும் தொகையும் தேதியும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பிரேமின் அடியில் வெட்டியிருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு, வண்டியைப் போட்டோ எடுத்து வைத்து, அங்கே 'பைக் இண்டெக்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் பதிவேட்டில் கட்டணமின்றிப் பதிந்துவிட வேண்டும். களவு போன வண்டி எங்கேனும் அகப்பட்டால் இன்னாருடையது என்று காட்ட அதுவே வழி. பூட்டு வாங்கிய அன்றே உத்தரவாதத்தையும் பதிவு செய்யட்டும். கட்டணம் கேட்டால் சைக்கிளின் விலையைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். சாவியின் நம்பரைத் தனியே எழுதி வைக்கட்டும். இரவில் வண்டி அறைக்குள் இருக்கட்டும்.

அவர் எல்லாவற்றையும் சங்கத்தின் பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். சென்ற வாரம் அதே சங்கத்துக்கு மீண்டும் போயிருந்தோம். மகன் வேறு சைக்கிளும் வேறு பூட்டும் வாங்கிவிட்டாராம். சீட்டு எழுதி வாங்கியிருக்கிறார், பதிவும் செய்திருக்கிறார். "இந்தத் தடவை சாவி தொலையாது, ஐயா. ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் ஒன்றை எனக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்" என்றார் மகிழ்ச்சியோடு. களவு நடந்தால் இரண்டு சாவிகளையும் சில நாட்களுக்குள் அங்கே காட்ட வேண்டியிருக்கும் என்பதை எடுத்துச் சொல்லி, அடுத்து அங்கே போகிறவர் யாராயினும் அவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொண்டோம்.